கொடுங்கோலன் முகத்துக்கு ஏறும் விலை

பழைய காசு சேர்ப்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. தாத்தா காலத்துக் காலணாவைத் தகர டப்பியில் போட்டு வைத்திருப்பவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. ஆனால் நாணய வியாபாரிகள் அரிய சரக்கென்று விற்கும் ஒரு வெள்ளிக் காசைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

கரிபியன் கடலில், கியூபாவுக்குக் கிழக்கே உள்ள தீவில் இருக்கிறது டொமினிக்கன் குடியரசு. அந்நாளில் பெயர்தான் குடியரசு. 1930 முதல் 1961 வரை அங்கே நடந்தது தளபதி ரபேல் ட்ருஜில்லோவின் தனி ராஜ்யம். தலைநகருக்கே 1936ல் தன் பெயரைச் சூட்டிக்கொண்ட மகாபுருஷன்! ஆட்சிக்கு இருபத்தைந்து வருடம் ஆனதும், 1955ல், தன் முகத்தைப் பொறித்து ஒரு பெசோ காசு அடித்தான். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. எடை 26.7 கிராம். அடித்தது 50,000.

இந்த வெள்ளி விழாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கரும்புதான் அந்நாட்டின் பெரிய தொழில். 1950களில் சர்க்கரை ஆலைகளில் பெரும்பாலானவை அவன் கைக்கே போய்விட்டன. ஆலை முதலாளியும் அவன், போலீசும் அவன், சர்க்காரும் அவன். பிறகு கூலி கேட்டு யாரிடம் போவது? இருந்தும் 1946ல் சான் பெத்ரோ, லா ரோமானா பகுதிக் கரும்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய தலைவர் மௌரிசியோ பாயெஸ் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. 1950ல் ஹவானாவில் கடத்தப்பட்டவர் திரும்பவே இல்லை. அதற்கு முன்பே, 1937ல், எல்லைப்புறத்து ஹைட்டிக் குடியானவர்களை ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொன்றது அவன் பட்டாளம்.

1961 மே 30ல் ட்ருஜில்லோ சுட்டுக் கொல்லப்பட்டான். பின்னர் அந்தக் காசுகளில் சுமார் 30,000 உருக்கப்பட்டன. வேடிக்கை இங்கேதான். உருக்கியதால் காசு அரிதாயிற்று. அரிதானதால் விலை ஏறிற்று. கொடுங்கோலன் முகத்தை அழிக்க மூட்டிய உலையே அந்த முகத்துக்குக் கிராக்கி உண்டாக்கிவிட்டது! வியாபாரியின் பட்டியலில் எடையும் அச்சடித்த எண்ணிக்கையும் கீறலும் தேய்மானமும் இருக்கும். கரும்பு வெட்டிய கை அதில் ஏறுவதில்லை.

மிச்சத்தையும் உருக்கிவிட்டால் என்ன என்று தோழர்கள் கேட்கலாம். கோபம் நியாயம்தான். ஆனால் உருக்கினால் கிடைப்பது ஒரு கட்டி வெள்ளி. போவது ஒரு சாட்சி. வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வெல்வெட் பெட்டியில் அதன் பக்கத்திலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் 1937, 1946, 1950 என்று எழுதி வைக்கட்டும். விலை பேச வருகிறவன் அது என்ன கணக்கென்று கேட்பான். முதலில் அதைச் சொல்லட்டும். விலையை அப்புறம் பேசலாம்.