நல்லதா கெட்டதா எண்டு கேக்காதீங்கோ



போன எபிசோட்டில, ஏஐயிட்ட மருத்துவக் கேள்வி கேக்கலாமா எண்டு கதைச்சோம். நான் அதில சொல்லாமல் விட்ட கதை இது.

என்ர சின்னம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்குது. குடும்ப வாட்ஸ்அப்பில ஒரு வீடியோ வந்தது: பீட்ரூட் பவுடர் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுமாம், அது கான்சரைக் கொல்லுமாம். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சனி, பாத்துச் சொல்லு" எண்டு சின்னம்மா கேட்டா. பவுடர் ஏற்கெனவே வாங்கியாச்சு.

சாட்பாட்டிட்ட ரெண்டு விதமாக் கேட்டன். நைட்ரிக் ஆக்சைடு புற்றுநோயைக் கொல்லுமா? ஓம் எண்டது. வளர்க்குமா? அதுக்கும் ஓம். பகிடி என்னெண்டா, ரெண்டும் பிழையில்லை.

நைட்ரிக் ஆக்சைடு ஒரு சின்ன வாயு. ஆர்ஜினின் எண்ட அமினோ அமிலத்தில இருந்து எங்கட உடம்பே அதைச் செய்யுது. இரத்தக் குழாயைத் தளர்த்தச் சொல்லும் சிக்னல் அது. அதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியாவில், ஆக்சிஜன் வந்து இருக்க வேண்டிய கடைசி நொதியில இந்த வாயு போட்டிக்குப் போய் இருக்கும். செல்லின் சுவாசம் மெதுவாகும். பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத வழியால குளுக்கோசை உடைக்க வேணும். ஒரு குளுக்கோசுக்கு ஏறத்தாழ 30 ஏடிபி வர வேண்டிய இடத்தில 2 தான் வரும். ஆனால் பல புற்றுநோய் செல்களுக்கு அந்த வழி நல்லாப் பழக்கம். ஓட்டோ வார்பர்க் அதை 1920-களிலேயே கவனிச்சவர்.

குறைந்த அளவில இந்த வாயு கட்டிக்குப் புது இரத்தக் குழாய் வளர உதவும். நோயெதிர்ப்பு செல்கள் பெருமளவில விடும்போது டிஎன்ஏ சேதமாகி அதே புற்றுநோய் செல் சாகலாம். அளவு, இடம், நேரம் மூண்டும்தான் முடிவைத் தீர்மானிக்குது. அந்த மூண்டையும் வெட்டிப்போட்டு ஒரு பூலியனா மாத்தினதுதான் வீடியோ செய்த பிழை. நான் கேட்ட கேள்வியும் அதே பிழைதான்.

ஆய்வுகூடத் தட்டில செல் செத்தது எண்டால், அது எங்கட லப்டொப்பில ஓடின கோட் மாதிரி. அதை நேரா புரொடக்‌ஷனுக்குத் தள்ளுவமா? இங்க புரொடக்‌ஷன் சின்னம்மாவின்ர உடம்பு.

அடுத்த அப்பொயின்ட்மென்டுக்கு பவுடர் பைக்கற்றையும் கொண்டு போனம். டொக்டர் முதல்ல கேட்டது, "பிரஷர் குளிசை எடுக்கிறீங்களா?" சின்னம்மா எடுக்கிறா. பீட்ரூட்டில இருக்கிற நைட்ரேட்டும் பிரஷரைக் குறைக்கும். பவுடர் வேண்டாம், பீட்ரூட் கறி சாப்பிடலாம் எண்டார். பிரஷர் குளிசையைப் பற்றி நான் சாட்பாட்டிட்ட சொல்லவே இல்லை. எனக்கு அது தோன்றவும் இல்லை.

எங்கட வீடுகளில நாங்கள்தான் மொழிபெயர்ப்பாளர், நாங்கள்தான் கூகுள். அதனால எங்கட "ஓம்" எண்ட ஒரு சொல்லுக்கு வீட்டில பாரம் கூட. அடுத்த முறை அம்மா வீடியோ அனுப்பினால், எதிர்க்கேள்வியையும் கேட்டுப் பாருங்கோ. ரெண்டுக்கும் ஓம் வந்தால் ஃபோனை வைச்சிட்டு, பைக்கற்றோட டொக்டரிட்ட போங்கோ.