சட்டையை மாத்து, ஆளே மறைஞ்சிடுவான்!

செமஸ்டர் முடிஞ்ச கையோட இன்னொண்ணையும் முடிச்சுட்டேன். 'ஹிட்மேன் 2'. "அது 2018-ல வந்த கேமாச்சே, இப்பத்தான் முடிக்கறியா?"ன்னு சிரிக்கறவங்க தாராளமா சிரிச்சுக்கங்க. சீனியர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கைக்கு வர்ற தேதிதான் எங்க மணலிக்கு ரிலீஸ் தேதி! அதுவும் ஆஃபர் போட்டாத்தான் ஓப்பனிங் ஷோ.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். 'ஹிட்மேன் 2'ன்னு ரெண்டு கேம் இருக்கு. பழசு, 2002-ல வந்த 'சைலன்ட் அசாசின்'. அதுவும் இந்தியாவுக்கு வந்துச்சு, பஞ்சாபுக்கு. பொற்கோயில் மாதிரியே ஒரு இடத்தைக் காட்டி அங்க சுட வெச்சதுக்கு சீக்கிய அமைப்புகள் கொதிச்செழ, அந்தப் பகுதிகளை மாத்தி மறுபடி வெளியிட வேண்டியதாப் போச்சு. நான் சொல்றது புதுசு. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்ல இருக்கற ஐஓ இன்டராக்டிவ் கம்பெனி செஞ்சு, 2018 நவம்பர் 13-ஆம் தேதி ரிலீஸ் ஆனது. 2016-ல வந்த 'ஹிட்மேன்' கேமோட அடுத்த பாகம். இதுவும் இந்தியாவுக்கு வருது. இந்த முறை மும்பை!

நம்ம அண்ணன்மார் கூட்டத்துக்கு ஸ்டெல்த்னா 'ஐஜிஐ'தான். நார்வேக்காரங்க 2000-ல விட்ட கேம். 2003-ல அதோட ரெண்டாவது பாகம் 'கவர்ட் ஸ்ட்ரைக்'. கேமரா பார்க்காத பக்கமா நடக்கணும், சுவரோரமாப் பதுங்கணும், அலாரம் அடிச்சா பாரக்ஸ்ல இருந்து ஆள் ஆளா இறங்குவான். முதல் பாகத்துல மிஷன் நடுவுல சேவ் பண்ணவே முடியாது. ரெண்டாவது பாகத்துல சேவ் உண்டு, ஆனா ரேஷன் மாதிரி எண்ணித்தான் குடுப்பாங்க. அங்க ரூல் ஒண்ணுதான்: யார் கண்ணுலயும் படாதே.

ஹிட்மேன் ரூலே வேற. எல்லார் கண்ணுலயும் படலாம், யாருக்கும் உறுத்தக் கூடாது. அதுக்கு வழி, சட்டை!

ஏஜென்ட் 47 என்ற மொட்டை பாஸ்

ஹீரோ ஏஜென்ட் 47. ஆறடிக்கு மேல உயரம், பளபளா மொட்டை, பின்னந்தலையில பார்கோடு, வெள்ளைக்காரத் தோல். இவரைக் கூட்டத்துல ஒளிச்சு வைக்கறது, தேர்த் திருவிழாவுல யானையை ஒளிச்சு வைக்கற மாதிரி. ஆனா ஒரு ஆளை மயக்கம் போட வெச்சு, அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டா போதும். காவல்காரன் பக்கத்துலயே கைவீசி நடக்கலாம். பிளேயர்கள் மத்தியில ரொம்ப நாளா ஓடற காமெடியே இதுதான்: முகத்தை எவனும் பார்க்கறதே இல்ல!

மொத்தம் ஆறு மிஷன். நியூசிலாந்துல ஒரு கடற்கரை வீடு, மியாமியில கார் ரேஸ், கொலம்பியாவுல ஒரு கிராமம், மும்பை, அமெரிக்காவுல வெர்மான்ட் பக்கம் ஒரு அமைதியான புறநகர், கடைசியா வட அட்லாண்டிக் கடல்ல ஒரு தீவுக் கோட்டை. மியாமியில பிங்க் கலர் ஃப்ளமிங்கோ பொம்மை வேஷம் கூடப் போடலாம். கொலைகாரன் பூநாரை வேஷத்துல ஆடிக்கிட்டு வர்றதைப் பார்த்து சிரிக்காம விளையாட முடியாது.

போன பாகத்தைவிட இதுல தேறின விஷயங்கள் நிறைய. கூட்டத்துக்குள்ள புகுந்து நின்னா மறைஞ்சுக்கலாம். உயரமான புல்லுக்குள்ள பதுங்கலாம். கண்ணாடியில உங்க உருவம் தெரிஞ்சா எதிரியும் பார்த்துடுவான். நீங்க மறைச்சு வெச்ச ஆளை எங்கயாவது யாராவது கண்டுபிடிச்சா, திரை ஓரத்துல குட்டியா ஒரு பெட்டி திறந்து நேரலையாக் காட்டுது. 'மாஸ்டர்' லெவல்ல மிஷனுக்கு ஒரே ஒரு சேவ். அந்த ஒண்ணை எப்போ உபயோகிக்கறதுன்னு யோசிக்கறதுக்குள்ள யூனிட் டெஸ்ட் டென்ஷன் வந்துடும்.

மும்பையில ஒரு சலவைக்காரர்

மிஷன் பேரு 'சேஸிங் எ கோஸ்ட்'. மூணு டார்கெட். சினிமாப் புள்ளி தாவூத் ரங்கன், கட்டி முடிக்காத டவர்ல ராஜ்ஜியம் நடத்தறான். 'சேரிகளோட ராணி' வான்யா ஷா, ரயில் யார்டுல அரண்மனை கட்டி வாழறா. மூணாவது ஆள் வாஸிர் காலே, பட்டப்பேர் மேல்ஸ்ட்ராம். இவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு யாருக்கும் தெரியாது. மத்த டார்கெட்டை எல்லாம் சிவப்பாக் காட்டிக் குடுக்கற நம்ம ஸ்பெஷல் பார்வை, இவன்கிட்ட பலிக்காது. சந்து சந்தா அலைஞ்சு, ஒட்டுக் கேட்டு, நாமளே அடையாளம் கண்டுபிடிக்கணும். கேம்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு மணி நேரம் அதுதான்.

வேஷங்களோட லிஸ்ட்டைப் பாருங்க. சலவைத் தொழிலாளி, முடி திருத்தறவர், தையல்காரர், பெயிண்டர், உலோகப் பட்டறைக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர், சாமியார். (சாமியார் வேஷ ஐடியாவுக்கு காப்பிரைட் நம்ம வள்ளுவர்கிட்ட. 59-வது அதிகாரம், ஒற்றாடல். துறவி வேஷத்துல போற ஒற்றன் அங்கயே இருக்கான்!) முடி திருத்தறவரா நின்னா, தேடிக்கிட்டு இருக்கற ஆளே ஷேவிங்குக்கு வந்து உட்கார்ந்து கழுத்தை நீட்டுவான். தையல்காரரா போனா ராணிக்கே அளவெடுக்கலாம். பெயிண்டரா போனா தாவூத் ரங்கன் எதிர்ல போஸ் குடுத்து உட்கார்ந்துடுவான்.

கவனிச்சீங்களா? துப்பாக்கியோட போற ரவுடி வேஷத்தைவிட, தொழில் செய்யற கையோட போற வேஷம்தான் ஆளை இன்னும் கிட்ட கொண்டு போய் விடுது. பெரிய மனுஷனோட கழுத்துக்குப் பக்கத்துல கத்தியோட நிக்க அனுமதி இருக்கற ஒரே ஆள், அவருக்கு சவரம் பண்றவர். அவர் மூஞ்சியைப் பெரிய மனுஷன் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. கேம் மொத்தமும் இந்த ஒரு உண்மை மேலதான் ஓடுது.

கடைசித் தீவு மிஷன்ல இதை இன்னும் பளிச்சுனு காட்டறாங்க. அங்க உலகப் பணக்காரங்க எல்லாம் முகமூடி மாட்டிக்கிட்டு பார்ட்டி நடத்தறாங்க. அவங்களுக்கு முகத்தை மறைக்க முகமூடி தேவைப்படுது. தட்டு ஏந்தறவருக்கு அது தேவையே இல்ல, யூனிஃபார்ம் போதும்.

ஆனா எல்லாரையும் ஏமாத்த முடியாது. சிலர் தலைக்கு மேல மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி வரும். இவங்க கண்ணுல கொஞ்ச நேரம் நின்னாலே "யாருடா நீ?"ன்னு வந்துடுவாங்க. யார் இவங்க? பெரும்பாலும் அந்த யூனிஃபார்ம்காரங்களை நல்லாத் தெரிஞ்சவங்க. கூட வேலை செய்யறவங்க, வேலை வாங்கற மேஸ்திரி. முதலாளிக்கு எல்லா சலவைக்காரரும் ஒண்ணுதான். இன்னொரு சலவைக்காரருக்குத்தான் புது மூஞ்சி புது மூஞ்சியாத் தெரியும். கேம் டிசைன் பண்ண டென்மார்க்காரருக்கு இது எப்படித் தெரிஞ்சுதோ! மணலியில பொறந்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

எங்க ஏரியாவும் அதே கேம்தான்

மணலி தெரியாதவங்களுக்கு ஒரு ரவுண்டு. 1960-கள்ல மெட்ராஸ் ரிஃபைனரீஸ் (2000-லிருந்து சிபிசிஎல்), மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ்னு ஆரம்பிச்சு, வரிசையா பெட்ரோகெமிக்கல் கம்பெனிகள் வந்து உட்கார்ந்த ஊரு. காம்பவுண்டு சுவர், முள்கம்பி, கேமரா, புகைபோக்கி, துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிக்கற கன்டெய்னர் லாரி. முதல் தடவை பார்க்கறவனுக்கு ஐஜிஐ மேப் மாதிரியே இருக்கும்.

இங்க ஷிப்ட் மாறற நேரத்துல ரோட்டுல நின்னு பாருங்க. சட்டை கலரைப் பார்த்தே பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டானு சொல்லிடலாம். ஹெல்மெட்டும் அப்படித்தான். பல இடங்கள்ல வெள்ளைன்னா இன்ஜினீயர், சூப்பர்வைசர். மஞ்சள்னா தொழிலாளி.

நாலாவது செமஸ்டர் லீவுல ஒரு தொழிற்சாலைக்கு இன்பிளான்ட் ட்ரெய்னிங் போயிருந்தேன். கையில ஒரு வெள்ளை ஹெல்மெட்டைக் குடுத்தாங்க. மாட்டிக்கிட்டு உள்ள நடந்தா, எங்க அப்பா வயசு அண்ணன் ஒருத்தர் வழி விட்டு ஒதுங்கி நின்னு, "வாங்க சார்"ன்னார். எனக்கு அந்த பம்ப்போட பேர்கூடத் தெரியாது. அவர் அதைப் பிரிச்சு மேய்ஞ்சுக்கிட்டு இருந்தார். முந்தின வாரம் டி-ஷர்ட்டோட அந்த கேட் பக்கம் நின்னப்போ, "தம்பி, இங்கெல்லாம் நிக்காதே"ன்னு விரட்டினாங்க. அதே நான், அதே கேட். நடுவுல மாறினது கால் கிலோ பிளாஸ்டிக் மட்டும்தான்.

எங்க அப்பா வேறொரு இடத்துல கான்ட்ராக்ட் வேலை. பன்னண்டு வருஷமா ஒரே கேட்டுல போய் வர்றார். செக்யூரிட்டிக்கு அவரோட டோக்கன் நம்பர் தெரியும். பேர் தெரியாது.

ஒரு நாள் ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு வந்து, தட்டுல சோத்தை வெச்சுக்கிட்டு நான் ஆடறதைப் பார்த்துக்கிட்டு இருந்தார். மும்பை மிஷன்தான். சலவைக்காரரை மயக்கம் போட வெச்சு, சட்டையை எடுத்துக்கிட்டு, ஆளைத் தூக்கிப் பெட்டிக்குள்ள போட்டு மூடினேன். 47 ஜம்முனு உள்ள போனார்.

"டேய், அந்த சட்டைக்காரன் என்ன ஆனான்?"

"பெட்டிக்குள்ள இருக்காம்ப்பா. மயக்கம்தான், சாகல."

"எப்போ எழுந்திருப்பான்?"

"எழுந்திருக்க மாட்டாம்ப்பா. மிஷன் முடியற வரைக்கும் அப்படியேதான்."

ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கேட்டார்: "அப்போ இன்னிக்கு அவனுக்கு ஆப்சென்ட் போட்டுருவானே?"

கேமுக்கு இது தெரியாது. டார்கெட் மட்டும் செத்து, எந்த உடம்பும் யார் கண்ணுலயும் படாம, கேமராவுலயும் சிக்காம வெளிய வந்தா 'சைலன்ட் அசாசின்'னு பெரிய எழுத்துல பட்டம் குடுக்கும். ஜட்டியோட பெட்டிக்குள்ள கிடக்கறவரோட நாள் சம்பளம் அந்த ஸ்கோர்ல வராது. மத்தவங்க எழுதின ரிவ்யூ எத்தனையோ படிச்சேன், அப்பா கேட்ட கேள்வியை எவனும் கேட்கல.

குறையும் சொல்லணுமில்ல?

மும்பைன்னா சேரி, சினிமா, தாதா. இந்த மூணைத் தாண்டி யோசிக்க மாட்டேங்கறாங்க. வில்லனுக்கு தாவூத்னு பேர் வெச்சதுலயே எவ்வளவு தூரம் ஹோம்வொர்க் பண்ணியிருக்காங்கன்னு தெரிஞ்சுடுது. தெருவுல போறவர் வர்றவர் எல்லாம் இங்கிலீஷ்லயே பேசிக்கறாங்க. மிஷனுக்கு நடுவுல வர்ற கதைக் காட்சிகள் அசையாத படங்களா ஓடுது, பவர்பாயின்ட் பிரசன்டேஷன் பார்த்த ஃபீலிங். நெட் கட் ஆனா புது அயிட்டம் எதுவும் அன்லாக் ஆகாது. எங்க தெரு நெட்டை நம்பி இதை ஆடறதுக்கே தனி மெடல் தரணும்.

ஆனா ஒரு விஷயத்துக்குக் கை தட்டியே ஆகணும். இந்தியாவைக் காட்டற வெளிநாட்டு கேம்ல, துணி துவைக்கறது, முடி வெட்டறது, தைக்கறது, இரும்பு அடிக்கறதுன்னு வேலை செய்யற ஜனங்களை இவ்வளவு நெருக்கமாப் பார்க்க வெச்சிருக்காங்க. கொல்றது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் யார் எப்போ எங்க போறாங்க, யார்கிட்ட என்ன புலம்பறாங்கன்னு கவனிக்கறதுதான் ஆட்டமே. பொறுமையாப் பார்க்கத் தெரிஞ்சவன் ஜெயிப்பான்.

ஆடப் போறவங்களுக்கு டிப்ஸ்

ஒண்ணு: முதல் தடவை யாரையும் தொடாதீங்க. சும்மா நடந்து ஊரைப் பாருங்க, ஒட்டுக் கேளுங்க.

ரெண்டு: வழி காட்டற 'மிஷன் ஸ்டோரி' உதவியை ரெண்டாவது ஆட்டத்துல அணைச்சுடுங்க. அப்போதான் மூளை வேலை செய்யும்.

மூணு: 'ஹிட்மேன் 2'ன்னு தனியாத் தேடி அலையாதீங்க. 2021-ல மூணாவது பாகமும் வந்து, 2023 ஜனவரியில மூணையும் ஒரே மூட்டையாக் கட்டி 'ஹிட்மேன் வேர்ல்ட் ஆஃப் அசாசினேஷன்'னு விக்கறாங்க. ஆஃபர் வர்ற வரைக்கும் காத்திருங்க, ஸ்டெல்த்துக்குப் பொறுமை முக்கியம்!

நாலு: இது பதினெட்டு வயசு தாண்டினவங்களுக்கான கேம். தம்பி தங்கச்சி பக்கத்துல இருந்தா லேப்டாப்பை மூடிடுங்க.

நம்ம மார்க் ஷீட்: இன்டர்னல் 20-க்கு 18, எக்ஸ்டர்னல் 80-க்கு 66. ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன். பெட்டிக்குள்ள கிடக்கற சலவைக்காரருக்கு சம்பளம் போட்டிருந்தா சென்டமே குடுத்திருப்பேன்.

அடுத்த வாரம் வேற கேமோட வர்றேன். அதுக்குள்ள உங்களுக்கு ஒரு சைடு மிஷன். உங்க டிபார்ட்மென்ட் லேப் அட்டெண்டர், காலேஜ் பஸ் கிளீனர், கேன்டீன்ல டேபிள் துடைக்கற அக்கா. மூணு பேரோட பேரையும் விசாரிச்சுக்கிட்டு வாங்க. டைம் லிமிட் கிடையாது. வேஷமும் வேணாம்.