நகல் வேறு, போலி வேறு

அண்மையில் ஆயக்குடிப் பக்கம் ஒரு விழாவுக்குச் சென்றிருந்தோம். மேடையில் பாளையக்காரராக வேடமிட்ட மாணவர் கையில் ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கி. "நம் முன்னோர் ஏந்திய அதே துப்பாக்கி" என்று ஒலிபெருக்கி முழங்கியது. இறங்கி வந்தவுடன் வாங்கிப் பார்த்தோம். புத்தம்புது நகல். சொன்னோம். "பார்வைக்கு ஒன்றுபோலத்தானே ஐயா இருக்கிறது, அது போதாதா?" என்றார் அமைப்பாளர்.

போதாது.

முதற்கண், அது முன்னோர் ஏந்திய துப்பாக்கியின் நகலே அன்று. 39 அங்குலக் குழலும் முக்கால் அங்குல வாயும் கொண்ட அவ்வடிவம், 'பிரௌன் பெஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கென அமைந்தது. விருப்பாச்சி கோபால நாயக்கரை எதிர்த்து வந்த படையின் ஆயுதத்தை அவர் தரப்பினர் தோளிலேயே சாத்திவிட்டோம்! கைப்பற்றிய கம்பெனித் துப்பாக்கிகள் சில பாளையக்காரரிடம் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆயினும் அவர்களுக்குரியவை நீண்ட ஈட்டியும், வளரியும், திரியைக் கொளுத்திச் சுடும் திரித்துப்பாக்கியுமே. அவர்களோடு போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருது என்று நன்றியோடு எழுதியிருக்கிறார். பகைவனுக்கிருந்த நேர்மை நமக்கில்லை.

இனி அசலுக்கும் நகலுக்கும் வருவோம். கம்பெனிக்காலத் துப்பாக்கியின் கட்டை வாதுமை இன மரத்தாலானது. இந்தியாவில் இன்று செய்து ஏற்றுமதியாகும் நகல்களில் பெரும்பாலும் தேக்கோ சீசமோ. அசலின் திருகுகள் கையால் அராவியவை, ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாகப் பொருந்தாது. மருந்து பற்றும் துளையைச் சுற்றி இரும்பு அரித்திருக்கும். பல அசல்கள் பிற்காலத்தில் தொப்பிவெடிப் பொறிக்கு மாற்றப்பட்டு, இன்று விலைக்காக மீண்டும் சக்கிமுக்கிக்குத் திருப்பப்பட்டவை. சுவடி படிப்போர்க்கு இது புதிதன்று, இடைச்செருகல் என்போம். நகல் குற்றமில்லை, அச்சுப் பதிப்பைப் போன்றது அது. பதிப்பாசிரியர் பெயரைக் கிழித்துவிட்டு ஏட்டுச்சுவடி என்று விற்றால்தான் போலி.

2003-இல் நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து பல்லாயிரம் பழந்துப்பாக்கிகளை அமெரிக்க வணிகர் விலைக்கு வாங்கிச் சென்றனர். அங்கே மிஞ்சின, இங்கே ஏன் மிஞ்சவில்லை? 1801-இல் கோபால நாயக்கர் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தார். மீறினால் மரண தண்டனை. கோட்டைகள் இடிந்தன, ஆயுதங்கள் பறிபோயின. ஆயக்குடி வீடுகளில் திரித்துப்பாக்கி தொங்காத வெற்றுச் சுவரே நமக்குக் கிடைத்த அசல். அதில் கம்பெனித் துப்பாக்கியின் நகலை மாட்டி, 'நம் முன்னோருடையது' என்று எழுதினால், பறித்தவன் கைவேலையை நாமே மறைக்கிறோம்.

அமைப்பாளரிடம் கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த ஆண்டு திரித்துப்பாக்கி செய்யச் சொல்லுங்கள். குழலின் அடியில் கொல்லர் பெயரும் செய்த ஆண்டும் வெட்டியிருக்கட்டும். "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.