கெட்டிக்காரப் பிள்ளைகளும் பள்ளிக்கூடமும்

சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கிச் சிறிது தூரம் போனால் செட்டிபுண்ணியம் என்கின்ற ஊர் இருக்கின்றது. அங்குள்ள கோவிலில் குதிரை முகத்தோடு ஒரு சாமி உண்டு. ஹயக்கிரீவர் என்று பேர். கல்விக்கு அதிபதி என்கின்றார்கள். பரீட்சைக் காலம் வந்துவிட்டால் தாய் தகப்பன்மார்கள் பிள்ளைகளின் பேனா, நோட்டு முதலியவைகளை அந்தச் சாமியின் முன்வைத்துப் பூசை செய்து எடுத்து வருகின்றார்கள். பிள்ளை நன்றாய் எழுதிவிட்டால் சாமியின் அருள். எழுதாவிட்டால் பிள்ளையின் தலையெழுத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடம் செய்ததென்ன, செய்யாததென்ன என்று கேட்பார் ஒருவரையும் காணோம். ஆகவே நாம் கேட்கின்றோம்.

பிள்ளைக்குப் பிள்ளை ஆசையிலும் வேகத்திலும் வித்தியாசம் இருக்கின்றதென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது ஜாதி பார்த்தோ பணம் பார்த்தோ பிறப்பதில்லை. பிறந்த திறமை வெளியே வருவதுதான் ஜாதியையும் பணத்தையும் பார்த்து வருகின்றது. பக்கத்துச் செங்கல்பட்டில் 1929-ல் கூடிய சுயமரியாதை மகாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது. பட்டங்கள் பேரிலிருந்து போய்விட்டன. "இவனுக்குப் படிப்பு வருமா?" என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்தவுடன் சொல்லிவிடும் புத்தி மாத்திரம் இன்னும் போனபாடில்லை.

கணித மேதை ராமானுஜன் கதை யாவரும் அறிந்ததே. துணிக்கடைக் குமாஸ்தாவின் மகனாகிய அவருக்குக் கும்பகோணம் காலேஜ் உபகாரச் சம்பளம் கொடுத்தது; கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறினவுடன் அதை நிறுத்தியும்விட்டது. பிறகு சென்னைப் பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தும் எப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். அங்கிருந்த மேலதிகாரிகள் அவருடைய அருமையை உணர்ந்து முயற்சி எடுத்துக்கொண்டதன் பேரில்தான் 1913-ல் சென்னை யூனிவர்சிட்டி மாதம் 75 ரூபாய் கொடுக்க முன்வந்தது. 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். 1918-ல் ராயல் சொசைட்டியில் அங்கத்தினரானார். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்னதாக அவர் நம்பினார். சொல்லியிருந்தாலும் இருக்கட்டும், ஆனால் தாயார் மாதச் சம்பளம் கொடுக்கவில்லை, கப்பல் டிக்கெட்டும் வாங்கவில்லை. அவைகளை மனிதர்கள்தான் செய்தார்கள். அக்கிரகாரத்தில் எழுத்து வாசனையோடு வளர்ந்த பிள்ளைக்கே இவ்வளவு பாடென்றால், கல்லுடைக்கும் தகப்பனுக்கும் நாற்று நடும் தாய்க்கும் பிறந்த பிள்ளையின் திறமையைக் கண்டுபிடிப்பார் யார்?

நிற்க, இன்று சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவரவில்லை. 2008-ல் ஏற்பட்ட தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு என்று ஒன்றிருக்கின்றது. வருஷத்துக்கு மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள், சர்க்கார் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்புப் படிக்கும்போது எழுதலாம். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் உண்டு. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695. நல்ல காரியந்தான். ஆனால் பரீட்சை பொறுக்கி எடுக்குமேயல்லாமல் வளர்க்காது. பொறுக்கி எடுப்பதற்கு முன் ஏழு வருஷ காலம் அந்தப் பிள்ளை வகுப்பில் என்ன செய்துகொண்டிருந்தது?

ஐந்து நிமிஷத்தில் கணக்கை முடித்துவிட்ட பையனை "வாயை மூடிக்கொண்டு உட்கார்" என்கின்றோம். அவன் அடுத்த பையனைச் சீண்டினால் போக்கிரி என்கின்றோம். கேள்வி மேல் கேள்வி கேட்கும் பெண்ணை அதிகப்பிரசங்கி என்கின்றோம். தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளை வீட்டில் நிறுத்திக்கொண்டாலோ, ஏனென்று கேட்பதில்லை. பிறகு நம் ஊரில் அறிவாளிகள் பிறப்பதில்லை என்று அழுவதில் அர்த்தமென்ன?

முன்னதாக முடித்த பிள்ளைக்கு அதைவிடக் கடினமான கணக்கைக் கொடுப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. பீரோவில் பூட்டிய புத்தகங்களைத் திறந்துவிடுவதற்கும் பணம் வேண்டியதில்லை. திறன் தேர்வைப் பற்றி ஏழாம் வகுப்பிலேயே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லி, வருமானச் சான்று வாங்கவும் விண்ணப்பம் எழுதவும் உதவுவது ஒரு நாள் வேலை. சில உபாத்தியாயர்கள் சனிக்கிழமையிலும் பிள்ளைகளை உட்கார்த்திச் சொல்லிக் கொடுக்கின்றார்கள். அவர்களை நாம் மனமாரப் போற்றுகின்றோம். ஆனால் அது ஒருவருடைய தருமமாயிராமல் பள்ளியின் கடமையாக வேண்டும்.

அன்றியும், கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தனி பெஞ்சியில் உட்காரவைத்து மற்றவர்களை மக்குகளென்று தள்ளுவது பள்ளிக்குள்ளேயே ஒரு புது வருணாசிரமம் ஆகும். இன்று பின்தங்கியவன் நாளை முந்தக்கூடும். ஜில்லாதோறும் ஏற்பட்டுள்ள மாதிரிப் பள்ளிகள் சிலரை எடுத்துக்கொள்ளும்; மீதிப் பேர் படிக்கும் பள்ளியும் மாதிரியாயிருக்க வேண்டாமா?

தோழர்களே! ஊருக்கு ஒரு பக்கம் மறைமலைநகர், மறுபக்கம் மகேந்திரா சிட்டி. அங்கே யந்திரத்தை வடிவமைக்கும் வேலை வெளியூர்ப் பிள்ளைகளுக்கும், வாசலில் காவல் நிற்கும் வேலை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் என்று எந்தச் சாமியும் எழுதிவைக்கவில்லை. ஆதலால் அடுத்த தடவை பேனாவை எடுத்துக்கொண்டு குதிரை முகத்துச் சாமியிடம் போவதற்குப் பதிலாக, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மனித முகமுள்ள தலைமை உபாத்தியாயரிடம் போங்கள். "என் பிள்ளைக்கு எதில் ஆசை இருக்கின்றது? அதற்கு நீங்கள் என்ன செய்கின்றீர்கள்? நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேளுங்கள். சாமி பதில் சொல்லாது. அவர் சொல்லித்தான் ஆகவேண்டும்.