தொட்டிலும் ஆராதனையும்

கிறிஸ்தவ ஜீவியம் என்பது யாது என்று நம்மில் ஒருவரை வினவினால், ஓய்வுநாள் ஆராதனை, வேதவாசிப்பு, குடும்ப ஜெபம், உபவாசம், தருமம் என விரல் மடக்கி எண்ணத் தொடங்குவார். இவை யாவும் நல்லனவே. ஆயினும், இவற்றுள் ஒன்றையேனும் குறித்த வேளையில் செய்ய இயலாத ஒருத்தி நமது சபைகள் ஒவ்வொன்றிலும் இருக்கிறாள். பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆன இளந்தாய்தான் அவள். அவளுடைய பக்தியை நாம் எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில், பசுமலைக்கு இப்பால் உள்ள பழங்காநத்தத்தை நம் வாசகர்களிற் பலர் அறிவர். முன்னாளில் நகருக்குப் புறத்தே கிராமமாயிருந்த அவ்வூர், இந்நாளில் நகருக்குள்ளேயே அடங்கி, பகலெல்லாம் பேருந்துகளின் இரைச்சலால் நிரம்பியிருக்கிறது. அங்குள்ள சந்துகளில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் சிறு வீடுகளில், சேலையால் கட்டிய தொட்டில் ஒன்று ஆடுமாயின், அதன் அண்டையில் இருப்பவள் எம்மதத்தினளாயினும் அவளது நாள் ஒரே விதமாகத்தான் கழிகிறது. இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை பாலூட்டுதல், நனைந்த துணியை மாற்றுதல், காரணம் விளங்காத அழுகையை ஆற்றுதல் என இராப்பகல் பேதமின்றி வேலை தொடர்கிறது. 'பச்சை உடம்புக்காரி' என்று நம்மவர் அவளை அழைப்பது எவ்வளவு பொருத்தம்! அந்த உடம்புடன் அவள் அமைதியான அரைமணி நேரத்தை எங்கே தேடுவாள்?

இப்படியிருக்க, "பிள்ளை வந்ததும் ஜெபம் குறைந்துவிட்டது, ஆலயம் மறந்துவிட்டது" என்று அவளைப் பற்றிப் பேசுவோர் உளர். அவ்வாறு பேசுவோர் அன்னாளின் சரித்திரத்தை மீண்டும் ஒருமுறை வாசிப்பது நலம். பிள்ளையில்லாமல் சீலோவின் ஆலயத்தில் மனங்கசந்து அழுது ஜெபித்தவள் அவளே. சாமுவேல் பிறந்தபின், வருஷாந்தர பலிக்காகக் குடும்பத்தார் யாவரும் சீலோவுக்குப் புறப்பட்டபோது, பிள்ளை பால் மறக்குமட்டும் தான் வருவதில்லை என்று கூறி வீட்டிலிருந்துவிட்டவளும் அவளே. அவள் கணவனாகிய எல்க்கானா அதற்கு இணங்கினானேயன்றி, அவளுடைய பக்தி குறைந்துவிட்டது என்று கடிந்துகொள்ளவில்லை. பாலூட்டிய அந்நாட்களும் அவள் செய்த பொருத்தனையின் ஒரு பகுதியே என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர். ஆகவே, பசித்த குழந்தைக்குப் பாலூட்டுவதற்காக ஆராதனையை விட்டு எழுந்துபோகும் தாய், தேவனுடைய சமுகத்தை விட்டுப் போகிறாள் அல்லள் என்பதே நமது துணிபு.

நிற்க. இதற்கு நேர்மாறான பிழையொன்றும் நம்மிடையே உண்டு. தாய்மையே மகா தவம், தாயே நடமாடும் தெய்வம் என்று வானளாவப் புகழ்ந்துவிட்டு, அந்தத் தவத்தின் பாரம் முழுவதையும் அவள் ஒருத்தியின் தோள்மேல் சுமத்திவிடுவது அப்பிழை. தாய்மையைப் புகழ்வது எளிது. தாய்க்கு வெந்நீர் காய்ச்சிக் கொடுப்பதன்றோ அரிது! இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது யார் எழுந்திருக்கிறார் என்பதைக் கொண்டே அக்குடும்பத்தின் விசுவாசத்தை ஒருவாறு அளந்துவிடலாம். இயேசு பெருமான் தம் சீஷரின் கால்களைக் கழுவினார் என்று பிரசங்கம் கேட்டுத் தலையசைத்த கணவன், தன் குழந்தையின் துணியை அலச நாணுவானாயின், அவன் கேட்ட பிரசங்கத்தினால் விளைந்த பயன் யாது?

நம்முடைய முன்னோர் இவ்விஷயத்தில் நமக்கு ஒரு வழி காட்டியிருக்கின்றனர். 1834இல் மதுரையில் ஊழியம் தொடங்கிய அமெரிக்கன் மிஷன், வீட்டை விட்டு வெளிவர இயலாத பெண்கள் ஆலயத்திற்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வேதாகம ஸ்திரீகள் என்று அழைக்கப்பெற்ற ஊழியப் பெண்கள் வீடு வீடாகச் சென்று, அங்கிருந்த பெண்களுக்கு எழுத்தறிவித்தும், வாசித்துக் காட்டியும், சுகதுக்கம் விசாரித்தும் வந்தனர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் தக்க உதவியின்றி மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார், மருத்துவம் கற்றுத் திரும்பி, 1900இல் வேலூரில் சிறியதோர் வைத்திய நிலையத்தைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். துயருற்ற தாயைத் தேடிச் செல்வதே ஊழியம் என்பது இவர்கள் யாவரும் கண்ட உண்மை.

அவ்வம்மையார் கண்ட அந்த இரவு இன்று நம் நாட்டில் பெரிதும் விலகிவிட்டது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99க்கும் மேற்பட்டவை மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. ஆனால், மருத்துவமனையின் வாயிலைக் கடந்து வீடு திரும்பிய பின் வரும் நாட்களுக்கு எந்த வைத்தியர் பொறுப்பேற்பார்? வளரும் நாடுகளில், பிள்ளை பெற்ற தாய்மாருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் மனநலக் குறைவால், பெரும்பாலும் மனச்சோர்வால், வருந்துகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிரசவித்த முதற் சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது இயல்பு. அது தானே நீங்கிவிடும். இரண்டு வாரங்களுக்கு மேலும் துயரம் நீடித்து, உறக்கமும் உணவும் வெறுத்து, குழந்தையின் முகம் பார்க்கவும் மனம் கொள்ளாதிருக்குமாயின், அது நோய் என்று அறிய வேண்டும். அதனை அவிசுவாசம் என்றும், ஜெபக் குறைவு என்றும், நன்றியறிதலின்மை என்றும் சொல்வது, காய்ச்சலில் துடிப்பவனைச் சோம்பேறி என்று ஏசுவதை ஒக்கும். அத்தகைய சொல்லைக் கேட்ட தாய் தன் துயரை மறைத்துக்கொள்வாள். மறைத்த துயரம் அவள் உயிருக்கே ஆபத்தாய் முடிதலும் கூடும். அவளுக்காக ஜெபிப்போம், ஜெபித்த கையோடு அவளை மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம்.

அங்ஙனமாயின், சபையார் ஆராதனையை இலேசாக எண்ணலாமோ என்று சிலர் வினவக்கூடும். அன்று. தாய் ஆலயத்திற்கு வர விரும்பும்போது, அவளுக்கு அங்கே இடமுண்டாக வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. குழந்தை அழுதால் திரும்பிப் பார்த்து முகஞ்சுளியாதிருப்போம். பாலூட்டுவதற்கு மறைவான ஓர் இடம் ஒவ்வோர் ஆலயத்திலும் அமையட்டும். பேருந்து நிலையங்களில் இதற்கென அறைகளை அமைக்கத் தமிழ்நாடு அரசு 2015இல் முற்பட்டதே. தேவாலயம் பேருந்து நிலையத்தினும் பின்தங்கி நிற்கலாமா? அவள் வர இயலாத வாரங்களில் நாம் அவளிடம் செல்வோம். செல்லும்போது புத்திமதிகளை மூட்டை கட்டிச் செல்லாமல், ஒரு வேளைச் சோறும் குழம்பும் கொண்டு செல்வோம். ஒரு மணி நேரம் குழந்தையை நாம் ஏந்தியிருக்க, அவள் உறங்கட்டும். அந்த ஒரு மணி நேர உறக்கம் அவளுக்கு நாம் செய்யும் நீண்ட ஜெபத்திற்கு யாதொரு வகையிலும் குறைந்ததன்று.

மாணவ நண்பர்களே! இது மணமான பெண்களின் விஷயம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர். உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் கணவராகவும் மனைவியராகவும் ஒரு தொட்டிலின் முன் நிற்பீர்கள். அதற்கு முன்னரே, உங்கள் அக்காளோ அண்ணியோ கைக்குழந்தையுடன் தாய்வீட்டில் இருக்கக்கூடும். கலாசாலையில் நாம் கற்கும் வேதபாடத்திற்குப் பரீட்சை ஆண்டிறுதியில் மட்டும் நடைபெறுவதன்று. விடுமுறைக்கு வீடு செல்லும் நாளில், அவள் கையிலிருக்கும் குழந்தையை வாங்கிக்கொண்டு, "அக்கா, நீ சற்றுப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். கிறிஸ்தவ ஜீவியத்தின் பாடங்களுள் ஒன்று அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதை அப்போது அறிவீர்கள்.