எச்சரிக்கையோடு இடமும் தருக

இலங்கையில் எரிமலை இல்லை. கண்டியைச் சூழ்ந்த மலைகள், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் புவியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய தொல்பாறைகள். ஆயினும் எரிமலையடியில் வாழ்வோரின் கவலை கண்டி மக்களுக்கும் உண்டு. 2020 ஓகஸ்ட் 29 இரவு, விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய ஊர்களில் நிலம் அதிர்ந்தது. அச்சம் விளைந்தது, உயிரிழப்பு நேரவில்லை. இங்கே உயிர் குடிப்பது மழையில் நெகிழும் சரிவே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பொழிந்த பெருமழை, கண்டி மாவட்டத்தில் மலைச்சரிவுகளைப் பெயர்த்து மனைகளையும் மனிதரையும் புதைத்தது.

சரிவின் இயல்பை அறிவியல் அறியும். கடும்பாறையின்மேல், காலங்காலமாய்ச் சிதைந்த தளர்மண் படிந்திருக்கிறது. பெருமழை அதனுள் இறங்கும்போது மண்துகள்களுக்கிடையே நீரழுத்தம் உயர்கிறது, பிடிப்புத் தளர்கிறது, சரிவு பெயர்கிறது. காடழித்தலும், மனைக்கெனச் சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டுதலும், வடிகாலை அடைத்தலும் அழிவை விரைவுபடுத்துகின்றன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையெனில் விழிப்பு, 100 எனில் எச்சரிக்கை, 150 எனில் வெளியேற்றம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரம்பு வகுத்துள்ளது.

வரம்பு மட்டும் உயிர் காக்குமா? பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. ஆயினும் தோட்டத் தொழிலாளர் அங்குள்ள லயன் வரிசை வீடுகளிலேயே வாழ்ந்தனர். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து அவர்களை மூடியது. ஒரு துண்டு நிலமும் சொந்தமில்லாதவர், வெளியேறி எங்கே செல்வார்?

இடம் தந்து அகற்றினால் உயிர் காக்கலாம் என்பதற்கு யாவாத் தீவு சான்று. அங்கே மெராப்பி எரிமலை 2010இல் சீறியபோது, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்புறப்படுத்தப்பட்டனர். முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எனினும் பல்லாயிரவர் பிழைத்தனர். இடையறாக் கண்காணிப்பும், உரிய வேளையில் மக்களை அகற்றித் தங்கவைத்த ஏற்பாடுமே அவர்களைக் காத்தன.

ஆகவே அரசிடம் நாம் வலியுறுத்துவன இவை: எச்சரிக்கை சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நேரத்தில் மக்களை எட்டவேண்டும். இடர்வலய வரைபடம் ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். ஆபத்தான சரிவுகளில் வாழ்வோர்க்கு, தோட்டத் தொழிலாளர் உட்பட, பாதுகாப்பான நிலத்தில் காணி உறுதியோடு வீடு வழங்கப்படவேண்டும். அறிந்தும் இவற்றைச் செய்யாத அரசு, இனி நேரும் இறப்புகளுக்கு இயற்கையைக் காரணம் காட்டும் தகுதியை இழந்துவிடும்.