எடைக்குப் போகக் கூடாத வெள்ளி

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பழைய பிரெஞ்சு வெள்ளிக் காசுகளும் தராசில் ஏறுகின்றன. அரிய காசுகளைப் பற்றிக் கவலையில்லை. ஏலத்தில் அவற்றுக்கு விலை உண்டு. உலைக்குப் போகிறவை தேய்ந்துபோன, எளிதில் கிடைக்கிற காசுகள். சேகரிப்பாளர்கள் முதலில் காப்பாற்ற வேண்டியவை அவைதான் என்பேன். நெப்போலியன் பேரரசரான 1804க்குப் பின் அடித்த 5 பிராங்க் காசைப் பாருங்கள். ஒரு பக்கம் அவர் தலையைச் சுற்றிப் ‘பேரரசர் நெப்போலியன்’ என்றிருக்கும். திருப்பினால் ‘பிரெஞ்சுக் குடியரசு’ என்றிருக்கும். இந்த முரண்பாட்டோடு 1808 வரை காசுகள் அடிக்கப்பட்டன. 1809இல்தான் மறுபக்கமும் ‘பிரெஞ்சுப் பேரரசு’ ஆனது. குடியரசை முடித்தவருக்கும் அதன் பெயர் சில ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கிறது!

எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறதே, காசு எதற்கு என்று கேட்கலாம். புத்தகம் சொல்வதைத் தராசில் வைத்துச் சரிபார்க்க முடிவது காசில்தான். 1803 சட்டப்படி ஒரு பிராங்க் என்பது 5 கிராம் எடை. அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. அந்தக் கணக்கில் 5 பிராங்க் காசு 25 கிராம். 1929இல் அடித்த 20 பிராங்க் காசின் எடையே 20 கிராம்தான். அதிலும் வெள்ளி 68 விழுக்காடு. 1960இல் பழைய 100 பிராங்க் புதிய ஒரு பிராங்க் ஆனது. 1965இல் வந்த 10 பிராங்க் காசோ மறுபடியும் 25 கிராம், மறுபடியும் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. முதல் குடியரசுக் காலத்தில் டுப்ரே செதுக்கிய ஹெர்குலிஸ் உருவமே அதிலும் நின்றது. ஆனால் முன்பு 5 பிராங்க் பெற்ற அதே வெள்ளிமேல் இப்போது, பழைய கணக்கில், 1000 பிராங்க் எழுதியிருந்தது. இரண்டு உலகப் போர்களும் பணவீக்கமும் ஒரு நாட்டின் பணத்தை என்ன செய்தன என்பதை இந்த மூன்று காசுகளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் காட்டிவிடும்.

கோடிக்கணக்கில் அடித்த காசில் நூறு உருகினால் என்ன நட்டம் என்பது வலுவான கேள்விதான். ஆனால் எத்தனை அடித்தார்கள் என்பது பதிவில் இருக்கும். எத்தனை மிஞ்சின என்பது இருக்காது. அவசரத்துக்கு விற்பவரை நான் குறை சொல்லவில்லை. சேகரிப்பாளரிடம் விற்றாலும் வெள்ளியின் விலையாவது கிடைக்கும். நெப்போலியன் காலத்துக் காசுகள் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நகரங்களில் அடிக்கப்பட்டவை. பாரிஸுக்கு ‘ஏ’, லீலுக்கு ‘டபிள்யூ’, ஸ்ட்ராஸ்பூருக்கு இரட்டை ‘பி’ என்று ஆண்டுக்கு அருகில் சிறிய எழுத்து இருக்கும். ஒரே ஆண்டில் பாரிஸ் காசு மலிவாகவும் இன்னொரு ஊர்க் காசு அரிதாகவும் இருக்கக்கூடும். உருக்குகிறவர் அந்த எழுத்தைப் பார்ப்பதில்லை.